ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள்

'வேர் ஆர் யூ கோயிங்?'

ஆங்கிலம் கற்றுத்தரும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தக் கேள்வி இருக்கும். யாருக்கும் வம்பில்லாத கேள்வி. போன வாரம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பெண்மணி இதைக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்க மாட்டாராம்!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்... கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்கத் தெரியாதவன் நான். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், மாலை நேரங்களில் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் எல்லோருக்கும் தலை நரைத்திருக்கும், இல்லையென்றால் டை அடித்திருக்கும். கீழே பஸ் ஹாரன், பக்கத்தில் லேத் பட்டறைச் சத்தம். இரண்டையும் மீறி 'டூ, டஸ், டிட்' என்று கத்த வேண்டும்.

அன்றைக்குப் பாடம், கேள்வி கேட்பது எப்படி?

ஆங்கிலத்தில் அது ஒரு சின்னச் சடங்கு. 'யூ ஆர் கோயிங்' என்றால் நீங்கள் போகிறீர்கள். அதில் உள்ள 'ஆர்' என்ற துணைவினையைத் தூக்கி முன்னால் வைத்தால், 'ஆர் யூ கோயிங்?' — கேள்வி வந்துவிட்டது. 'யூ லைக் காபி' மாதிரி தூக்கிவைக்க எதுவும் இல்லாத வாக்கியம் என்றால், வெளியிலிருந்து ஒரு 'டூ'வைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்த வேண்டும்.

பழனிச்சாமிக்கு இது பிடிக்கவில்லை. பம்புக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை முதலாளி. காரணம் இல்லாமல் ஒரு போல்ட் கூடப் போடாதவர்.

"அந்த 'டூ'வுக்கு என்னதானுங்க சார் வேலை? அர்த்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொத ஆளா வந்து நிக்குது."

"பின்னாடி கேள்வி வருதுன்னு சொல்றதுதாங்க அதோட வேலை."

"அட, கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்கறவனாட்டங்களா? பொண்ணு ஊடும் இல்ல, மாப்பிள்ள ஊடும் இல்ல. ஆனா அவனத் தாண்டித்தான் உள்ள போகணும்!"

வகுப்பே சிரித்தது. முப்பது வருடம் இலக்கணம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு நல்ல உதாரணம் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்து ஜோடிப் பயிற்சி. பழனிச்சாமி கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மரகதம் 'வேர் ஆர் யூ கோயிங்?' என்று கேட்க வேண்டும். மரகதம் நைட்டி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறவர். கனடாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போவதற்காக ஆங்கிலம் கற்கிறார்.

பழனிச்சாமி பையைத் தூக்கினார். மரகதம் வாயைத் திறக்கவில்லை.

"கேளுங்கம்மா."

"மாட்டேனுங்க சார்."

"ஏன்?"

"பையத் தூக்கிட்டுக் கெளம்பறவரப் போயி எங்கேன்னு கேக்கச் சொல்றீங்களே... போற காரியம் என்னங்க ஆகறது?"

"இது பாடம்தானேம்மா? அவர் எங்கேயும் போகலையே."

"அவுரு நாளான்னிக்கு நெசமாவே ராஜ்கோட்டுக்கு ஆர்டர் விசயமாப் போறாருங்க. இன்னிக்கு நாங்கேட்டு, அங்க அது கெட்டுப்போச்சுன்னா?"

பழனிச்சாமியின் முகம் மாறியது. பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அக்கா சொல்றது செரிதானுங்க சார். வேற கேள்வி ஏதாச்சும் குடுங்க."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்து 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் தடைபடும் என்று நம்பிக்கை. அப்படியானால் தெரிந்துகொள்வது எப்படி? அதற்கும் வழி உண்டு. அதையும் மரகதமே சொன்னார்.

"'தூரமுங்களா'ன்னு கேப்போமுங்க. அவிங்களா எந்த ஊருன்னு சொன்னாச் சொல்லுவாங்க. இல்லாட்டி, 'பக்கந்தானுங்க'ன்னு சொல்லிப்போட்டுப் போயிருவாங்க."

"அதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க சார்?" என்றார் பழனிச்சாமி.

"அதுக்கு இங்கிலீஷே இல்லைங்க" என்றேன்.

சொன்னதும் எனக்குள் ஏதோ இடித்தது. இதே வாக்கியத்தை நான் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். வேறோர் இடத்தில். பெருமையாக.

பழனிச்சாமி விடவில்லை. போர்டைப் பார்த்தார், விரலை மடக்கினார், 'இட் ஈஸ் ஃபார்' என்று முணுமுணுத்தார். பிறகு சத்தமாக, "ஈஸ் இட் ஃபார்? — ஆகாதுங்களா சார்?" என்றார்.

ஆகும். தாராளமாக ஆகும். முதல் நாள் பாடம் அது.

மரகதம் உற்சாகமாகிவிட்டார். "ஈஸ் இட் ஃபார்?" என்று கேட்டார். பழனிச்சாமி பையைத் தூக்கிக்கொண்டு, "நோ நோ, நியர் ஒன்லி!" என்று வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்கு மேல் பாடம் நடத்த முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன்.

தலைவலி இல்லை. காரணம் வேறு. அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். கொஞ்சம் வீட்டு விஷயம். சம்பந்தப்பட்டவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆம், *கேட்டுவிட்டு*.

என் மருமகள் புனேக்காரப் பெண். நேஹா என்று வைத்துக்கொள்வோம். என் மகனும் அவளும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகி, எங்கள் சம்மதத்தோடு மணந்துகொண்டவர்கள். மகன் இப்போது ஆப்பிரிக்காவில் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு மெஷின் பொருத்திக்கொண்டிருக்கிறான். வந்து வந்து போகிறான். நேஹாவுக்குச் சரவணம்பட்டியில் ஆபீஸ். ஆர்.எஸ்.புரத்தில் எங்களோடு இருக்கிறாள். என்னைப் 'பாபா' என்பாள், என் மனைவி சரசுவை 'அம்மா' என்பாள்.

சரசுவுக்கு ஆங்கிலம் வராது. நேஹாவுக்குத் தமிழ் வராது. ஆக, வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளன் நான்தான். நான் இல்லாத நேரத்தில் அவர்களுக்குள் ஓடும் தமிழ் மொத்தமே இவ்வளவுதான்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேனுங்க."

"தூரமா கண்ணு?"

"பக்கந்தானுங்க. வாரேனுங்க."

சரவணம்பட்டி பக்கமா என்ன? காலை டிராஃபிக்கில் காந்திபுரத்தைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனாலும் 'பக்கந்தானுங்க'தான். தினமும் இதே கேள்வி, இதே பதில். 'ங்க' அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தெரு நாயைக்கூட 'போங்க' என்பாள்.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகப் பெருந்துறையிலிருந்து சரசுவின் அக்கா வந்திருந்தார். வந்து தண்ணீர் குடித்ததும் முதல் வேலையாக நேஹாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"ஏங்கண்ணு, விசேஷம் ஏதாச்சும் உண்டா?"

மற்ற எதையும் சுற்றிவளைத்துக் கேட்கிற நாங்கள், இந்த ஒன்றை மட்டும் கூச்சமே இல்லாமல் நேராகக் கேட்போம். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நேஹா என்னைப் பார்த்தாள். மொழிபெயர்க்க வேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது. மருமகளிடம் இதை நான் எப்படிக் கேட்பது? கெட்டிக்காரத்தனமாக, "ஆர் யூ ஹேப்பி இன் கோயம்புத்தூர்?" என்று கேட்டு வைத்தேன்.

"எஸ், எஸ்! வெரி ஹேப்பி!" என்று தலையைத் தலையை ஆட்டினாள் நேஹா.

அவ்வளவுதான். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "அடி சரசு, எங்கிட்டக் கூடச் சொல்லாம அமுக்கி வெச்சிருக்கியே!" என்று சமையலறைப் பக்கம் பாய்ந்தார். சரசு கரண்டியும் கையுமாக ஓடிவந்து என்னைப் பார்த்தாள். பிறகு நான் உண்மையைச் சொல்லி, அக்கா அசடு வழிந்து... வீடே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நான்.

"என்ன கேட்டாங்க, பாபா?" என்று நேஹா அப்புறம் ஆங்கிலத்தில் விசாரித்தாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். அது என்ன என்று கேட்கவில்லை.

பிறகு ஐப்பசி. விடாத மழை. ஒரு நாள் காலை ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நேஹா மாடியிலிருந்து சக்கரம் வைத்த சின்னப் பெட்டியோடு இறங்கிவந்தாள். கண் வீங்கியிருந்தது. வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ மாட்டினாள். லேஸ் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள்.

நான் பெட்டியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். பேப்பரைப் பார்த்தேன்.

"ஐ'ம் கோயிங், பாபா."

தினமும் 'வாரேனுங்க' என்கிறவள். எங்களிடம் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு வெளியே போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். நானே சொல்லிக்கொடுத்ததுதான்.

"ஓகே மா. டேக் கேர்" என்றேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டுச் சரசு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதுவரை மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"பொட்டியோட போறாளாட்ட இருக்குது. எங்கீங்க போறா?"

"கேட்கலை."

"ஏனுங்க?"

"கிளம்பறவளைப் போய் எங்கேன்னு கேட்கச் சொல்றியா?"

"தூரமான்னாச்சும் கேக்கலாமில்லீங்க?"

"அதுக்கு இங்கிலீஷே இல்லை, சரசு."

இதைச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு திருப்தி வேறு! நல்ல வாக்கியம், பத்தியில் எங்காவது உபயோகப்படும் என்று நினைத்துக்கொண்டேன். உபயோகப்பட்டுவிட்டது, பாருங்கள்.

மதியம் ஒரு போன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ்.

"ஏனுங்க, நேஹாங்கறவிங்களுக்கு நீங்க என்ன ஆகணுமுங்க? அவிங்க போன்ல 'பாபா'ன்னு இந்த நம்பர் இருந்துச்சுங்க."

"மாமனார்ங்க. என்ன ஆச்சு?"

"பயப்படறதுக்கில்லீங்க. கொஞ்சம் மயக்கமா இருக்காங்க. கூட யாரும் வரலீங்க. அதான் உங்களக் கேக்கலாம்னு... ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதுங்களா அவிங்களுக்கு?"

தெரியவில்லை.

"தைராய்டு இருக்குதுங்களா?"

தெரியவில்லை.

"ரத்தம் என்ன குரூப்புங்க?"

தெரியவில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இப்படி ஆயிருக்குதுங்களா?"

"எப்படிம்மா?"



"உங்களுக்கு... தெரியாதுங்களா?" என்றது அந்தப் பெண். பிறகு, "நீங்க நேர்ல வந்துருங்க. டாக்டர் சொல்லுவாங்க" என்று வைத்துவிட்டது.

அந்த நர்ஸ் கேட்டது எல்லாம் சாதாரணக் கேள்விகள். ஒரே கூரையின் கீழ் இருக்கிற யாருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள். சரசுவோடு ஆட்டோவில் போகும்போது எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

நேஹா கர்ப்பமாக இருந்திருக்கிறாள். மூன்றாம் மாதம் முடிந்ததும் எங்களிடம் சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். அதற்குள் குழந்தையின் இதயத் துடிப்பு நின்றுவிட்டது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துகொள்ள, தானே ஆட்டோ பிடித்துத் தனியாகப் போயிருக்கிறாள். மகனுக்கு முந்தின இரவு போனில் சொல்லியிருக்கிறாள். அவன், 'அப்பாகிட்டே சொல்லு, கூட வருவாரு' என்றானாம்.

நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சரசு கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினாள். "வலிக்குதா கண்ணு?" என்றாள். நேஹாவுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினாள். "ஏனம்மிணி, எங்கிட்டச் சொல்லக்கூடாதா?" என்றாள் சரசு. அது புரியவில்லை.

சரசு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சொல்லலைன்னு கேளுங்க. நாஞ் சொல்றத அப்படியே கேளுங்க. எங்கக்கா கேட்டப்பச் செஞ்ச வேலையெல்லாம் இங்க வேண்டாம்."

"வொய் டிட்'ன்ட் யூ டெல் அஸ்?" என்றேன். இலக்கணம் சரியாக இருந்தது. குரல்தான் சரியாக வரவில்லை.

நேஹா மெதுவாகச் சொன்னாள். இனி அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். இந்த முறை மாற்றாமல்.

"அன்னிக்கு ஆன்ட்டி ஒண்ணு கேட்டாங்க. நீங்க அதை வேற கேள்வியா மாத்தி என்கிட்ட கேட்டீங்க. அந்தப் பேச்சை இந்த வீட்டுல தொட உங்களுக்கு விருப்பம் இல்லைன்னு நினைச்சேன். இருந்தாலும் இன்னிக்குக் காலையில, நான் லேஸ் கட்டி முடிக்கிறதுக்குள்ள நீங்க ஏதாவது கேட்டா எல்லாத்தையும் சொல்லிடறதுன்னு இருந்தேன். ரெண்டு தடவை கட்டினேன், பாபா."

என்ன சொல்வது?

எனக்கு ஒரு வழி கிடைத்தது. சொன்னேன். 'எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு அம்மா. கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று நம்பிக்கை. அதனால்தான்...'

அவள் என்னையே பார்த்தாள்.

"ஸோ, எனக்கு நல்லது நடக்கணும்னுதான் நீங்க கேட்கலையா?"

"எஸ்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னங்க சொல்றா?" என்றாள் சரசு.

"களைப்பா இருக்காம்" என்றேன்.

அது பொய். அவளிடம் சொன்னதும் பொய், இவளிடம் சொன்னதும் பொய். வழக்கம் உண்மை. அதற்காகத்தான் நான் கேட்கவில்லை என்பது மட்டும் பொய்.

முந்தின இரவு அவள் மாடியில் போனில் அழுதது என் அறைக்குக் கேட்டது. காலையில் பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவள் என் மகனை விட்டுப் போகிறாள். 'எங்கே' என்று நான் கேட்டு, 'புனேவுக்கு, ஒரேயடியாக' என்று அவள் சொல்லிவிட்டால்? நான் எழுந்து நிற்க வேண்டும். சரசுவைக் கூப்பிட வேண்டும். மகனுக்குப் போன் போட வேண்டும். சம்பந்தியிடம் பேச வேண்டும். கேட்காமல் விட்டால், சாயங்காலம் வரைக்குமாவது ஒன்றும் நடக்காத மாதிரி பேப்பர் படிக்கலாம்.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு. தமிழில் பல கேள்விகள் கடைசி எழுத்தில்தான் வருகின்றன. 'நீங்க ஊருக்குப் போறீங்க' வரைக்கும் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகம் சரியில்லை என்றால் அந்த 'ளா'வை விழுங்கிவிடலாம். கேள்வியே கேட்காத மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. 'ஆர்' என்று வாயைத் திறந்தால் திறந்ததுதான். கேள்வி வாசலுக்கு வந்துவிடும், திருப்பி அனுப்ப முடியாது. இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வாழ்ந்ததே இப்படித்தான் என்று எனக்கு உறைக்கவில்லை.

நேஹா வீட்டுக்கு வந்தாள். சரசு பத்தியச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொண்டாள். சம்பந்தியம்மா புனேவிலிருந்து போனில், "எவ்வளவு அழகான வழக்கம் உங்க ஊர்ல! நேஹா சொன்னாள்" என்றார். நான் மறுக்கவில்லை. 'எஸ், இட் ஈஸ் அவர் கஸ்டம்' என்றேன். எத்தனை பேருக்கு வாய்க்கும், கோழைத்தனத்துக்குப் பாராட்டு?

கொஞ்ச நாள் கழித்து நேஹா, டிராஃபிக் தாங்க முடியவில்லை, ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு ரூம் பார்த்திருக்கிறேன், இந்த மாதக் கடைசியில் மாறிக்கொள்கிறேன் என்றாள். சரசு என்னைப் பார்த்தாள். டிராஃபிக் மோசம்தானே என்றேன் நான். வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் போன வாரம் பழனிச்சாமி பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்றிவந்தார். 'ஈஸ் இட் ஃபார்?'

ஞாயிற்றுக்கிழமை காலை. நேஹா டைனிங் டேபிளில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். நானும் இரண்டு காயை எடுத்து உரித்தேன். பிறகு சொன்னேன். அன்று ஆஸ்பத்திரியில் நான் சொன்ன காரணம் பொய் என்று. எதற்குப் பயந்தேன் என்று.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அம்மாகிட்டேயும் சொல்லுங்க" என்றாள்.

சரசுவைக் கூப்பிட்டுத் தமிழில் ஒருமுறை முழுவதும் சொன்னேன். ஆங்கிலத்தைவிடத் தமிழில் சொல்வது கஷ்டமாக இருந்தது. சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, ஊருக்கே பாடம் சொல்றீங்க. ரெண்டு பாஷை படிச்சது எதுக்குங்க, ரெண்டுலயும் பொய் சொல்றதுக்குங்களா?"

இதை நேஹாவுக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். மாற்றினால் கரண்டி வரும்.

நேஹா சிரித்தாள். பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும், பாபா" என்றாள்.

"எப்படி?"

"அம்மா தினமும் என்னை 'தூரமா'ன்னு கேட்கிறாங்களே. நான் பதில் சொல்றேனே. கேட்கக் கூடாதுன்னு வழக்கம் இல்லை. இப்படிக் கேட்கலாம்னுதானே வழக்கம்?"

இன்னொரு காயை எடுத்தேன். பிறகு கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் தலையை ஆட்டினே?"

"நீங்க பயந்துட்டு இருந்தீங்க. அம்மா வேற பக்கத்துல இருந்தாங்க. உங்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கோபமா இருந்ததா?"

"ரொம்ப."

"ரூம் பார்த்தது டிராஃபிக்குக்காக இல்லையா?"

"இல்லை."

"இன்னும் கோபமா?"

ஒரு காயைப் பிளந்தாள். பட்டாணியைக் கிண்ணத்தில் தள்ளினாள். தோலை ஒதுக்கினாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"கொஞ்சமுங்க."

சரசுவுக்கு இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தடுத்து இத்தனை கேள்விகளை என் வீட்டில் நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டதற்கெல்லாம் எனக்குப் பிடித்த பதில் வந்ததா? இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. இதை எழுதலாமா என்று கடைசியாகக் கேட்டேன். எழுதுங்கள், ஆனால் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததையும் எழுத வேண்டும் என்றாள். எழுதிவிட்டேன்.

நேற்று முன்தினம் காலை அதே சக்கரப் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கிவந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவை எடுத்தாள். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன். மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்தேன். இந்த வயதில், ஒரு கேள்விக்கு!

"தூரமா கண்ணு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையில் லேஸ்.

"தூரந்தானுங்க. பெங்களூர். ஆபீஸ் மீட்டிங்" என்றாள். ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டாள். எழுந்தாள். "வெள்ளிக்கிழமை வாரேனுங்க."

ரூம் என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரட்டும், கேட்பேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டு மிக்ஸி நின்றது. "எங்கீங்க போறா?" என்று உள்ளிருந்து சரசுவின் குரல் வந்தது.

இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது.